மொஜாங்குக்கு ஒரு திறந்த மடல்: ஊரைக் காப்பவருக்கும் கொஞ்சம் படியளங்கள்

ஸ்டாக்ஹோமில் இருந்துகொண்டு மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை உருவாக்கும் மொஜாங் நிறுவன வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2017-ல் உங்கள் விளையாட்டுக்குள் கிளி வந்தது. சோதனைப் பதிப்புகளில் அதற்கு சாக்லேட் பிஸ்கட் ஊட்டலாம் என்று வைத்திருந்தீர்கள். நிஜக் கிளிக்கு சாக்லேட் விஷம், இதைப் பார்த்து ஒரு குழந்தை வீட்டுக் கிளிக்கும் ஊட்டிவிட்டால் என்ன செய்வது என்று ஆட்டக்காரர்கள் சத்தம் போட்டார்கள். மாற்றினீர்கள். இப்போது விதை கொடுத்தால்தான் கிளி பழகும். பிஸ்கட் கொடுத்தால் அந்த இடத்திலேயே செத்துவிழும்.

2022-ல் தவளையோடு மின்மினியும் வருவதாக இருந்தது. சில வகை மின்மினிகள் தவளைக்கு ஆகாது என்று தெரிந்ததும் மின்மினியையே நிறுத்திவைத்தீர்கள். தவளை இப்போது ஸ்லைம் என்ற கூழ்ப்பூதத்தின் குட்டியைத் தின்று காலம் தள்ளுகிறது. மின்மினி 2025-ல்தான் ஒரு புதராக வந்து சேர்ந்தது. ஒரு தவளையின் வயிற்றுக்காக ஒரு பூச்சியை இத்தனை காலம் வாசலில் நிற்கவைத்தவர்கள் நீங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. இந்த அளவுக்கு யோசிக்கிறவர்களிடம்தான் நான் சொல்லவரும் விஷயத்தைப் பேசவே முடியும்.

விஷயம் விளையாட்டே இயக்குகிற வில்லேஜர்களைப் பற்றியது. பெரிய மூக்கும் கட்டிய கையுமாக, 'ஹ்ம்' என்று முனகிக்கொண்டே திரிகிற அந்த ஊர்க்காரர்களைப் பற்றி.

அதற்கு முன்னால் ஆமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் உயிரைக் காப்பாற்றுவதை வைத்து எப்படி ஆட்டம் அமைக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் உங்களிடமே கிடையாது. 2018-ல் வந்தது. பெரிய ஆமையை அடித்துக் கொன்றால் கிடைப்பது கொஞ்சம் கடற்புல், அதுவும் கிடைத்தால் உண்டு. ஆனால் முட்டையைக் காவல் காத்து, குஞ்சு பொரித்து, அது வளர்ந்து பெரிதாகும்போது ஓர் ஓட்டுச் சில்லை உதிர்க்கிறது. ஐந்து சில்லு சேர்ந்தால் தலைக்கு ஒரு ஓடு செய்யலாம். போட்டுக்கொண்டு மூழ்கினால் 10 விநாடி கூடுதல் மூச்சு. கொல்கிறவனுக்குப் புல், வளர்க்கிறவனுக்கு மூச்சு. யார் யோசித்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு.

காவல் காப்பதும் லேசு இல்லை. ஜாம்பி என்கிற நடமாடும் பிணம் தேடிவந்து முட்டையை மிதிக்கும். நம் கால் பட்டாலும் உடையும். பொரிக்கிற வாய்ப்பு அதிகமாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னால். எல்லாரும் படுக்கையில் படுத்து இரவைத் தாண்டிவிட்டால் அந்த நேரமும் சேர்ந்து போய்விடும்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரும் நானும் வார இறுதியில் ஒரே உலகத்தில் ஆடுகிறோம். சின்ன அக்கா மகளுக்கு ஆமை என்றால் உயிர். பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளை இரவில் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கும் மாணவர் குழுவோடு ஒருமுறை நடந்துவிட்டு வந்தவள். பிறந்த கரைக்கே ஆமை திரும்பி வந்து முட்டையிடும் என்பது அங்கே கேட்டது. உங்கள் ஆமையும் அதையே செய்வதைக் கண்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் படுத்தால்தான் சட்டென்று விடியும் என்பது உங்கள் விதி. மற்ற மூன்று பேரும் படுத்துக்கொண்டு 'படு, படு' என்று கத்துவோம். அவள் கடற்கரையில் வாளோடு நிற்பாள். 'முட்டையில இன்னொரு விரிசல் விழட்டும் மாமா' என்பாள். வேறு வழியில்லாமல் நாங்களும் எழுந்து போய் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். உண்மையைச் சொன்னால், எங்கள் உலகத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எதையாவது செய்தோம் என்றால் அது அந்த மாதிரி இரவுகளில்தான். வைரம் தோண்டுவதெல்லாம் அவரவர் சுரங்கத்தில் அவரவர் வேலை.

ஆமை மட்டும் இல்லை. தேன்கூட்டின் கீழே புகை போட்டால் தேனீ கோபப்படாமல் தேன் தரும். பக்கத்து வயலில் பயிரும் சீக்கிரம் விளையும். ஆர்மடில்லோவைக் கொல்லாமல் தூரிகையால் தேய்த்தே ஓட்டுச் சில்லு எடுக்கலாம். காய்ந்து கிடக்கும் காஸ்ட் என்ற பறக்கும் பிராணியின் குட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து வளர்த்தால் நான்கு பேரை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. காப்பாற்று, கிடைக்கும் என்று ஒவ்வொரு பிராணியை வைத்தும் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

இனி ஊருக்கு வருவோம். அங்கே பாடம் தலைகீழ்.

ஒரு ஊர்க்காரரிடமிருந்து அதிகபட்ச லாபம் எப்படி எடுப்பது என்று யூடியூபில் தேடிப்பாருங்கள். ஒரு கட்டை அகலம், ஒரு கட்டை நீளமுள்ள கூண்டில் ஆளை அடை. முன்னால் லெக்டர்னை, அதாவது புத்தகம் வைக்கும் மேடையை, வை. அவர் நூலகர் ஆவார். வேண்டிய புத்தகம் விற்கவில்லையா, லெக்டர்னை உடை, மறுபடி வை. கருவிகள் தேயாமல் சரிசெய்யும் மந்திரமான மென்டிங் புத்தகம் வரும்வரை வைப்பதும் உடைப்பதுமாக உட்கார்ந்திரு. வந்த பிறகு ஒரு ஜாம்பியைக் கொண்டுவந்து அவரைக் கடிக்க விடு. ஹார்ட் என்ற கடின நிலையில் ஆடினால் அவர் நிச்சயம் ஜாம்பியாவார், நார்மல் நிலையில் பாதிக்குப் பாதி. அப்புறம் பலவீன மருந்தை வீசி, தங்க ஆப்பிளைக் கொடுத்துக் குணப்படுத்து. நன்றிக்கடனாக விலை குறையும். ஊர்க்காரர்களின் காசான எமரால்டு 10-க்குக் குறையாமல் விற்கும் மென்டிங் பல சமயம் ஒரே எமரால்டுக்கு வந்துவிடும்.

நோயைக் கொடுத்தவனுக்கே வைத்தியம் பார்த்த புண்ணியம்! மறுபடி மறுபடி தொற்றவைத்து விலையைக் குறைத்துக்கொண்டே போகும் வழியை 2023-ல் அடைத்தீர்கள், சரி. ஆனால் முதல் முறைக்குக் கிடைக்கும் சலுகை அப்படியே இருக்கிறது, கணினிக்கான ஜாவா பதிப்பில் அது தேய்வதும் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் பாருங்கள். கொள்ளைக்காரர்கள் அலை அலையாக வரும்போது ஊர் எல்லையில் நின்று சண்டை போட்டு ஊரையே காப்பாற்றுகிறவனுக்கு 'ஊரின் நாயகன்' பட்டம். விலைச் சலுகையும் உண்டு, அன்பளிப்பும் உண்டு. ஜாவாவில் 40 நிமிடம். அதற்குப் பிறகு அவன் யாரோ, ஊர் யாரோ.

இரும்புப் பண்ணை இன்னொரு கதை. மூன்று ஊர்க்காரர்களைப் பெட்டிக்குள் அடைத்து, ஒரு ஜாம்பி அவ்வப்போது அவர்கள் கண்ணில் படும்படி வைக்கிறார்கள். அவர்கள் நடுங்கும்போது காவலுக்கு அயர்ன் கோலெம் என்ற இரும்பு பூதம் தோன்றும். தோன்றியதுமே எரிமலைக் குழம்பில் விழும். மூன்று முதல் ஐந்து இரும்புக் கட்டி மிஞ்சும். ஊர்க் குழந்தைகளுக்குப் பாப்பிப் பூ நீட்டுகிற கோலெம் அது. பூவை நீட்டச் செய்ததும் நீங்கள்தான்.

எங்கள் உலகத்தில் ஒரு நாள் இதெல்லாம் வீடுவரை வந்துவிட்டது. சின்ன அக்கா மகள் ஒரு சமவெளி ஊரைத் தத்தெடுத்திருந்தாள். சுற்றிலும் கருங்கல் மதில், மூலைக்கு மூலை தீப்பந்தம், எல்லாருக்கும் படுக்கை, நடுவில் மணி. வேறு வேலையாகப் போய்த் திரும்பினால் ஊர் காலி. பெரிய அக்கா மகன் எல்லாரையும் படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு குகைக்குள் வரிசையாகக் கூண்டு கட்டி அடைத்திருந்தான்.

'அண்ணன் என் ஊர்க்காரங்களை எல்லாம் ஜெயில்ல போட்டுட்டான் மாமா.'

'இல்லன்னா மென்டிங் எப்படி வாங்குறது? நீயும்தானே அந்தப் புக்கை உன் வாள்ல போட்டிருக்க?' என்றான் அவன்.

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கடம். விளையாட்டு எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் அவன் செய்தான். அவள் கட்டிய மதிலுக்கு விளையாட்டு ஒரு எமரால்டுகூடக் கொடுக்கவில்லை.

அடைத்து வைக்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொந்தப் புத்தி ரொம்பக் குறைவு. கள்ளியில் போய் உரசிக்கொள்வார்கள், பெர்ரிப் புதரில் சிக்கிக்கொள்வார்கள். நடுராத்திரியில் ஜாம்பி முற்றுகை வரலாம், வெளிச்சம் இருந்தாலும் வரும். மின்னல் தாக்கினால் சூனியக்காரி. இவர்களைத் திறந்த வெளியில் உயிரோடு வைத்திருப்பது முழுநேர வேலை. ஒரு சேமிப்புக் கிடங்குக்குச் சரக்கை நகர்த்தும் ஹாப்பர் போடவும் ரயில் பாதை போடவும் மலைபோல இரும்பு தேவைப்படுகிறவன் என்னதான் செய்வான்? இதில் சர்வர் நடத்துகிறவர்களின் பாடும் இருக்கிறது. ஊர்க்காரர் வழிதேடி நடக்க நடக்க சர்வர் மூச்சுத்திணறும். அதனால் கூண்டில் அடைபட்டவரின் யோசிக்கும் பகுதியையே அணைத்துவைக்கும் வசதி சில சர்வர் மென்பொருள்களில் உண்டு. அந்த வசதிக்கு வைத்திருக்கும் பெயர் 'லோபோடமி', மூளையின் ஒரு பகுதியைத் துண்டித்துவிடும் பழைய அறுவை சிகிச்சையின் பெயர். பெயர் வைத்தவர் நகைச்சுவையாகத்தான் வைத்திருப்பார். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு இது. அதை ஆடும் எத்தனையோ குழந்தைகளுக்கு ஊர் என்பது இப்படித்தான் அறிமுகமாகிறது.

கூண்டைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டை அடுக்கும் விளையாட்டில் எதைத் தடுத்தாலும் அதைச் சுற்றி ஒரு வழி இரண்டே நாளில் வந்துவிடும். மதில் கட்டுகிறவளுக்கும் கூலி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்குப் புதிதாகப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், வேண்டிய சரக்கு பெரும்பாலும் உங்கள் கைவசமே இருக்கிறது.

ஜாவா பதிப்பில் கோலெம் தோன்ற வேண்டுமானால் ஊர்க்காரர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று விளையாட்டு பார்க்கிறது. மணியடியில் கூடி வம்பளக்கிறார்கள் என்பதும், அந்த வம்பில் யார் அடித்தார், யார் குணப்படுத்தினார் என்ற சேதி பரவுகிறது என்பதும் ஏற்கனவே உள்ளதுதான். ஆனால் சரக்கை மறுபடி நிரப்புவதற்கு மட்டும் தூக்கமும் வேண்டாம், மனிதத் துணையும் வேண்டாம். வேலை மேடை (நூலகருக்கு லெக்டர்ன்) கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். அங்கே கை வையுங்கள். படுக்கையில் தூங்கி, மணியடிக்குப் போய்வந்த ஊர்க்காரர் கூடுதல் தடவை சரக்கு நிரப்பட்டும், விலையும் சற்று இறங்கட்டும். கூண்டில் இருப்பவர் இன்றைக்கு விற்பதுபோலவே விற்கட்டும், அவர் பங்கில் எதையும் குறைக்க வேண்டாம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரிய அக்கா மகனே கூண்டைப் பிரித்துவிடுவான். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

அந்த வம்பில் இன்னொரு சேதியும் சேரட்டும். ஊருக்குள் நுழைந்த ஜாம்பியை இன்னார் கொன்றார் என்பது. இரவெல்லாம் காவல் நின்றவரின் பெயர் ஊரில் நாலு பேர் வாயில் அடிபட வேண்டாமா? கூட்டாக ஆடும் உலகத்தில் ஒருவர் காவலுக்கு, ஒருவர் வயலுக்கு, ஒருவர் மதிலுக்கு என்று பிரிந்துகொள்ள அதுவே ஒரு காரணமாகும். 40 நிமிட நாயகன் பட்டமும், அந்த ஊரைத் தொடர்ந்து காக்கிறவரிடம் கொஞ்சமாவது தங்கட்டும். கூடவே கள்ளி எது, பெர்ரிப் புதர் எது என்று அந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

2023-ல் வியாபார மாற்றம் ஒன்றைச் சோதனைக்கு விட்டீர்கள். எந்த நிலத்து நூலகரோ அந்த நிலத்துப் புத்தகம்தான் விற்பார். மென்டிங் சதுப்பு நிலத்துக்காரரிடம் மட்டும். அங்கே ஊர் தானாக அமையாது, நாமே ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைக்க வேண்டும். நல்ல யோசனை. ஊர் கட்டுவதையே ஆட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் குடிவைத்த பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. கேட்காதவரை, ஒரு குகையில் இருந்த கூண்டு வரிசை ஏழு நிலத்தில் ஏழு வரிசையாகும், அவ்வளவுதான்.

பழைய உலகங்களில் வருடக்கணக்கில் உழைத்துக் கட்டிய பண்ணைகள் இருக்கின்றன. அவற்றை உடைத்தால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள், தெரியும். அதனால் அந்தச் சோதனை மாற்றத்தை விட்டதுபோலவே, புதிய உலகம் தொடங்கும்போது வேண்டுமானால் தேர்ந்தெடுக்கும் சோதனை அம்சமாக இதையும் முதலில் விடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் சேர்ந்து ஆடிப்பார்த்து, எது உடைகிறது, எதை ஏமாற்ற முடிகிறது என்று உங்களுக்கு எழுதுகிறோம். ஏமாற்றும் வழியைக் கண்டுபிடிப்பதில் பெரியவன் கெட்டிக்காரன், அந்தப் பொறுப்பு அவனுக்கு.

இப்படிக்கு,
கருங்கல் சுமந்து அலுத்த ஒரு மாமா