மாதேசனுக்கு: விண்டோஸ் 11 போடலாமா?

தருமபுரி
23-1-2026

அன்புள்ள மாதேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, காவேரிப்பட்டணம் பக்கம் மா நன்றாகப் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பாலக்கோட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். பூ உதிராமல் நின்றால் மே மாதத்திலிருந்து மாங்கூழ் ஆலைக்காரர்களின் பில்லும் கணக்கும் உன் கடையில் குவியும். அதற்கு முன்னால் மார்ச் கணக்கு முடிப்பு வேறு. அதனால் கணினியில் கை வைப்பதாக இருந்தால் பிப்ரவரியிலேயே வைத்துவிடு. அதிலும் மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பி-க்கு 20ஆம் தேதி கடைசி என்பதால், 20 தாண்டிய ஒரு சனிக்கிழமை மாலைதான் சரிப்படும்.

விண்டோஸ் 11 போட்டால் வேகமாகுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. அதே மெஷினில் 10 ஓடுவதைவிட 11 கொஞ்சம் கூடுதலாகவே ராம் கேட்கும். உன் கவுன்ட்டர் மெஷின் இழுப்பதற்குக் காரணம் விண்டோஸ் இல்லை, அதில் இருக்கும் ஒரு டிபி ஹார்டு டிஸ்க். 11-க்குப் போக ஒரே காரணம்தான் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மெஷின் நிற்காது, எல்லாம் முன்போலவே ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இல்லை. ஊரார் ஆதார், விரல்ரேகை, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், நெட் பேங்கிங் எல்லாம் புழங்கும் மெஷினை அப்படி விட்டுவைக்கக் கூடாது. நோட்டீஸ் டைப் அடிக்கும் மெஷினுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

முதலில் அந்தக் கவுன்ட்டர் மெஷின். ஐ3-8100, எட்டு ஜிபி ராம், விண்டோஸ் 10 ப்ரோ. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து 11 ஏற்கும் (ஏழாவதில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில மாடல்கள் மட்டும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உண்டு). ஆகவே உன்னுடையது தேறும். 11 ஏறுமா என்று நீ பார்த்த சோதனை "இந்த பிசி ஏற்காது" என்று காட்டியதற்குக் காரணம், மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில் உள்ள அமைப்புகள். 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தனியாக இல்லாவிட்டாலும் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அசெம்பிள் செய்த மெஷின்களில் பெரும்பாலும் அது அணைந்தே கிடக்கும், பழைய முறையில் கணினியைத் துவக்குவதற்கான சிஎஸ்எம் ஆனாகவே இருக்கும். பிடிடியை ஆன், சிஎஸ்எம்மை ஆஃப், செக்யூர் பூட்டை (துவங்கும்போது அந்நிய நிரல் நுழையாமல் காப்பது) ஆன். ஆனால் இதை இப்போதே செய்துவிடாதே. உன் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் நிற்கும். திரும்ப ஆன் செய்தால் வந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை, என்றாலும் கூட்ட நேரத்தில் அந்தக் கூத்து வேண்டாம்.

எம்பிஆரை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. டேட்டா அழியாது. ஆனால் நம்ம ஊர் மெஷின்களில் அது பாதிக்கு மேல் தோற்கும். டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ அது ஒத்துக்கொள்ளாது. இங்கே விற்பவர்கள் எல்லாரும் சி, டி, இ என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள், ரிசர்வ்டு பார்ட்டிஷனோடு சேர்த்து நான்காகிவிடும். இ-யில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு அதை அழித்தால் நடக்கும்.

நான் சொல்வது வேறு வழி. 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிரைவ்) ஒன்று வாங்கி, அதில் 11-ஐப் புதிதாகப் போடு. வேகமும் வந்துவிடும், பழைய டிஸ்க் அப்படியே இருப்பதால் ஏதாவது சொதப்பினால் கேபிளை மாற்றிச் செருகிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பழைய விண்டோஸ் மேலேயே அப்கிரேடு போடுவதை விரும்புவதில்லை; அதில் திரும்பிப்போக 10 நாள்தான் அவகாசம்.

போடும் முன் செய்ய வேண்டியவை. கணக்கு மென்பொருளான டேலியில் லைசென்ஸை சரண்டர் செய். அதை மறந்துவிட்டு 11-ஐப் போட்டால் புது விண்டோஸில் அது ஆக்டிவேட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். கம்பெனி டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் தனியாக எடு. விரல்ரேகைக் கருவியின் டிரைவர், அதை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ், டோக்கன் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்துக்கான எம்சைனர், பிரின்டரின் 64 பிட் டிரைவர் எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் வை. பிறகு ஃபான்ட். வானவில், பாமினியில் அடித்த பழைய பத்திரங்களும் மனுக்களும் உன்னிடம் நிறைய. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை மட்டும் காப்பி செய்தால் போதாது. ரைட் கிளிக் செய்து சும்மா "இன்ஸ்டால்" கொடுத்தவை பயனரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் மறைந்திருக்கும். அதையும் எடு. புது மெஷினில் "எல்லாப் பயனர்களுக்கும் இன்ஸ்டால்" என்று கொடு.

போடும்போது பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடு. கழற்றாவிட்டால் சில சமயம் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டியும் கிளம்பாது. 11-ஐ ஏற்றி வைக்க எட்டு ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பது முழுக்க அழியும். பூட் மெனுவில் பென்டிரைவ் பெயர் இரண்டு முறை தெரிந்தால் "யுஇஎஃப்ஐ" (துவக்கத்துக்கான புதிய முறை) என்று ஆரம்பிப்பதைத் தேர்ந்தெடு. கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்று தாண்டி, ப்ரோவையே தேர்வு செய். உன் 10 அசல் லைசென்ஸ் என்றால் மதர்போர்டை அடையாளம் கண்டு, நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். குறுக்கு வழியில் ஆக்டிவேட் செய்த 10 என்றால் இது நடக்காது, அதை முன்னாலேயே பார்த்துக்கொள். யுபிஎஸ் பேட்டரி இருபது நிமிடமாவது தாங்க வேண்டும்.

அக்கவுன்ட் கேட்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்தால் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடலாம். ஆனால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை உடனே ஒரு தாளில் பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டோடு வை. கீ இல்லாமல் பூட்டிக்கொண்டால் டேட்டாவை யாராலும் மீட்க முடியாது. ப்ரோவில் "டொமைன் ஜாயின்" வழியாகப் போனால் லோக்கல் கணக்கு கிடைக்கும். கடைக்கு அதுவே போதும்.

முடிந்த பிறகு நீ கட்டாயம் போன் செய்யப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அடுத்த மெஷினின் ஷேர் ஃபோல்டர் திறக்காது. 24எச்2 என்ற பதிப்பிலிருந்து 11 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாத ஷேரை ஏற்பதில்லை. நெட்வொர்க் கேபிளையோ ரவுட்டரையோ திட்டாதே. ஷேர் இருக்கும் மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்கி, இங்கிருந்து அந்தப் பெயரில் உள்ளே போ. ஸ்கேன் ஃபைல் எல்லாம் அங்கே விழுவதால் திங்கள் காலைக்குள் இது சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்பதை டாஸ்க்பார் செட்டிங்கில் இடதுபக்கம் தள்ளிவிடலாம். ரைட் கிளிக்கில் பழைய பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்.

இரண்டாவது, டைப் அடிக்கும் மெஷின், ஐ3-6100. அது ஆறாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் தடையை நீக்கிய பென்டிரைவ் செய்து போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஓடும், பொய்யில்லை. ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. வீட்டு மெஷின் என்றால் சரி என்பேன், கடைக்கு வேண்டாம். அதற்குப் பதில் 10-ஐ அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 வரை ஏற்றிவிட்டு, அப்டேட் பக்கத்தில் தெரியும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்அப் செய்யச் சம்மதித்தால் காசு இல்லை, இல்லையென்றால் 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குப் பிறகு டைப்பிங், ஸ்கேனிங்கோடு நிறுத்திக்கொள், வங்கி வேலை அதில் வேண்டாம். இப்போது புது மெஷின் வாங்கிவிடாதே. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை சில மாதமாக ஏறுமுகம்.

மூன்றாவது, மகள் படிக்க வைத்திருக்கும், அரசு கொடுத்த பழைய லேப்டாப். அதில் ராம் இரண்டு ஜிபி என்றால் 11-ஐ நினைக்கவே வேண்டாம். நான்கு ஜிபி ஆக்க முடிந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் 22-ஐ, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பாகப் போடு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. டேலி, டோக்கன் எதுவும் அதில் எதிர்பார்க்காதே. படிக்க, பாடக் காணொளி பார்க்க, லிப்ரே ஆஃபீஸில் எழுத, தமிழ் 99-இல் அடிக்கப் போதும். தேர்வு முடிந்த பிறகு போடு, இப்போது அவள் நோட்ஸில் கை வைக்காதே.

கவுன்ட்டர் மெஷினின் மதர்போர்டு மாடலையும் உள்ளே தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்பதையும் எழுது. பழைய கார்டு இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரையே வராமல் போகலாம். அப்போது கார்டைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் செருக வேண்டியிருக்கும். பயாஸ் அப்டேட் இருந்தால் அதையும் பார்த்து அனுப்புகிறேன். செக்யூர் பூட்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன, புதியவை அப்டேட்டோடு வந்து சேர வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சக்திவேல்