கடகடவென்று வாசிக்கிறாள், சரி

அன்புள்ள தம்பி,

பேத்தியைப் பற்றி நீ எழுதிய மின்னஞ்சல் வந்தது. "ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசிக்க வைக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், வேண்டும். முன்பைவிட இப்போதுதான் அதிகம் வேண்டும். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். மருமகளுக்கும் காட்டு.

"வாசிக்கிறாள், ஆனால் புரியவில்லை" என்று அவள் ஆசிரியை சொன்னதைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. கடகடவென்று வாசிப்பாள், கேள்வி கேட்டால் விழிப்பாள். நான் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்த காலமெல்லாம் வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகளாவது இப்படி இருப்பார்கள். எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். பிழையில்லாமல் ஒப்பிக்கிற மாதிரி வாசிக்கிற பிள்ளைமேல் யார் கண்ணும் படாது. அவள் ஆசிரியை இதைக் கண்டுபிடித்திருக்கிறாரே, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போன வாரம் வீடியோ அழைப்பில் அறிவியல் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். "நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள பொருள்களிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது" என்று ஒரு வரி. ஒரு தடங்கல் இல்லை. "நீர் எங்கிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது?" என்றேன். "சூரியனிலிருந்து" என்றாள், சட்டென்று. அது அசட்டுப் பதில் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துச் சொன்ன பதில். கண்ணெதிரே இருந்த வரி வாய்வழியே வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். புறங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தடவி ஊதிப் பார்க்கச் சொன்னேன். "ஜில்லுனு இருக்கு பாட்டி" என்றாள். "சரி, அந்த வரியை இன்னொரு தடவை வாசி." இந்தத் தடவை 'சுற்றியுள்ள பொருள்களிலிருந்து' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "அப்போ என் கையிலிருந்தா எடுத்துச்சு?"

அந்த இடத்தில் அவளாக நின்றாள் பார், அது பழக்கமாக வேண்டும். வேகம் அவளிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

நீ எதற்கும் "இதற்கு ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவன். ஜீன் சால் என்று ஒரு அமெரிக்கக் கல்வியாளர். 1983-இல் அவர் வாசிப்பு வளர்கிற விதத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஏறக்குறைய மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள், நான்காம் வகுப்பிலிருந்து வாசித்துக் கற்கிறார்கள் என்பது அதன் சாரம். அதுவரை புத்தகத்தில் வந்த சொற்கள் பெரும்பாலும் பிள்ளை காதால் கேட்டுப் பழகியவை. நான்காம் வகுப்புக்கு மேல் அறிவியல், சமூக அறிவியல் பாடங்கள் கனக்கின்றன, வாக்கியங்கள் நீளுகின்றன, வீட்டில் யாரும் பேசாத சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. சரியாக இந்தச் சமயம் பார்த்துத்தான் "இனி தானாகப் படித்துக்கொள்வாள்" என்று பெற்றோர் எழுந்து போய்விடுகிறார்கள்.

ட்யூஷன் வைக்கலாமா என்று யோசிக்கும் முன் ஒன்று செய்து பார். அவள் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை அவளே வாசிக்கட்டும். பிறகு அதைப் பற்றிப் பேசச் சொல். இன்னொரு நாள் அதே அளவு கடினமான வேறொரு பத்தியை நீ வாசித்துக் காட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேசச் சொல். நீ வாசிக்கும்போது புரிந்து, அவள் வாசிக்கும்போது புரியவில்லை என்றால், எழுத்தைச் சொல்லாக்குவதிலேயே அவள் கவனம் தீர்ந்துபோகிறது, அல்லது வேகத்தைக் காட்ட ஓடுகிறாள். நீ வாசித்தும் புரியவில்லை என்றால், சொற்களும் விஷயமும் அவளுக்குப் புதிது. இரண்டுக்கும் மருந்து வேறு. காஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் குட்டிக்கு இரண்டாவதுதான் சிக்கல். நல்ல எழுத்துநடையை அவள் காதால் கேட்டது குறைவு. இரண்டாம் வகுப்போடு அவளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். மறுபடி ஆரம்பியுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் தாங்களாக வாசிக்க முடிகிற புத்தகத்தைவிடக் கடினமானதைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். பதின்மூன்று வயதுவாக்கில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணும் காதும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. ஆகவே அவள் எடுக்கத் தயங்குகிற புத்தகத்தை நீ எடு. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள். தூக்கம் வந்தால் உன் பக்கம் மட்டும் போதும். இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது செல்லம் கொடுப்பது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நம் மொழியில் இதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. நாம் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்துத் தமிழ் ஒன்று. 'எனினும்', 'ஆகையால்', 'இதற்கு மாறாக' என்றெல்லாம் வீட்டில் யார் பேசுகிறோம்? ஆனால் பாடப் புத்தகத்தில் அர்த்தத்தைத் திருப்பிவிடுகிற சொற்கள் இவைதான். இதை விளையாட்டாகச் செய்யலாம். "பாலைவனத்தில் மழை மிகக் குறைவு. எனினும்" என்பதுவரை வாசித்துவிட்டு மிச்சத்தைக் கையால் மூடிக்கொள். அடுத்து என்ன வரும் என்று கேள். "அங்கே ஒன்றும் முளைக்காது" என்றால், 'எனினும்' அவளைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். "அங்கேயும் செடி இருக்கும்" என்றால் பிடித்துக்கொண்டாள். என் வகுப்பில் இதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். மூடிய கையை விலக்குகிறவரை பொறுமை இருக்காது.

நீளமான சொற்களும் அப்படித்தான். 'கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால்' என்று வந்தால் பிள்ளை முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துக்கொண்டு ஓடும். நிறுத்தி, உள்ளே எந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல். 'கட்டுப்படுத்த' கிடைத்துவிட்டால் 'பட்டு', 'இருந்ததால்' தானாகப் பிரிந்துவிடும். யாரோ கட்டுப்படுத்தினார்கள், அது முன்பே நடந்தது, அதனால் வேறொன்று நடக்கப்போகிறது, இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு போதும். அதற்கு மேல் போனால் இலக்கண வகுப்பாகிவிடும், எழுந்து போய்விடுவாள்.

அவள் தடுமாறும்போது உடனே சொல்லைக் கொடுத்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, பார்த்திருக்கிறேன். மனசுக்குள் ஐந்துவரை எண்ணு. பாதி நேரம் அவளே கண்டுபிடித்துவிடுவாள். முடியாவிட்டால், "வாக்கியத்தின் ஆரம்பத்திலிருந்து வா" என்று சொல். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லிவிட்டு மேலே போ, பாடம் நடத்தாதே. அர்த்தம் மாறாத சின்னத் தவறு என்றால் கண்டுகொள்ளாதே. அர்த்தம் மாறினால் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, "இப்படிச் சொன்னால் சரியாக வருகிறதா?" என்று மட்டும் கேள்.

கேள்வி கேட்பதில்தான் பல வீடுகளில் எல்லாம் கெட்டுப்போகிறது. வாசித்து முடித்ததும் நாலு கேள்வி, பதில் தெரியாவிட்டால் ஒரு பெருமூச்சு. பிள்ளைக்குப் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். அவளை உன்னிடம் கேள்வி கேட்க வை. 1984-இல் பாலின்சார், பிரௌன் என்ற இருவர் எழுதிய ஒரு முறை உண்டு, நான் வகுப்பில் வருஷக்கணக்காக அதைத்தான் வைத்திருந்தேன். ஒரு பத்தி முடிந்ததும் சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, புரியாததைச் சொல்லித் தெளிந்துகொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. பெரியவரும் பிள்ளையும் மாறி மாறி ஆசிரியராக இருப்பார்கள். அவள் டீச்சராகும் முறை வரும்போது நீ வேண்டுமென்றே ஒரு தப்பான பதில் சொல்லிப் பார். உன்னைத் திருத்துவதற்காக அந்தப் பத்தியை அவள் மூன்று தடவை புரட்டுவாள். இதைவிடக் கவனமாக அவள் எதையும் வாசித்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

எழுதாமல் விட்டதைப் பிடிப்பதும் இந்த வயதில்தான் வர வேண்டும். "அவன் குடையை மடக்கி மூலையில் சாய்த்தான். தரையெல்லாம் ஈரமானது." வெளியே மழை பெய்கிறது என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனாலும் தெரிகிறது. "உனக்கு எப்படித் தெரிந்தது, எந்த வரி சொன்னது?" என்று கேட்டுப் பழக்கு. தேர்வில் அவள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த வகைக் கேள்வியில்தான்.

அப்புறம் உன் திமிங்கிலப் புகார். "வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறாள், திமிங்கிலமும் படக்கதையும்தான்" என்று எழுதியிருந்தாய். விட்டுவிடு தம்பி. 1988-இல் அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு தானாக ஆழமாகும். திமிங்கிலத்திலிருந்து பாலூட்டி, பாலூட்டியிலிருந்து மூச்சு, மூச்சிலிருந்து கடலின் ஆழம், அழுத்தம் என்று அவளே போய்க்கொண்டிருப்பாள். அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு புத்தகத்தை, ஒரு மாலுமியின் கதையையோ கடல் பயணத்தையோ, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நீ பேசாமல் இரு. படக்கதையும் வாசிப்புதான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவள் ஊகித்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கிறது.

ஒரு புத்தகம் அவளுக்குக் கடினமா என்று பார்க்க, ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்வோம். ஐந்தும் மடங்கிவிட்டால், அதைச் சேர்ந்து வாசிக்கலாம், தனியாக வேண்டாம். ஆனால் பிடித்த விஷயமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பத்துப் பக்கம் வாசித்தால் அரை மணி நேரம் டேப்லெட் என்று பேசி வைத்திருக்கிறாயாமே, அவள்தான் சொன்னாள். அதை மட்டும் நிறுத்து. 1973-இல் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஆசையாகப் படம் வரைகிற சின்னப் பிள்ளைகளில் சிலருக்குப் பரிசு தருவதாக முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு சும்மா இருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பக்கத்துக்குக் கூலி என்றால் அவள் பக்கத்தைத்தான் எண்ணுவாள். இந்தக் கடகட வேகத்துக்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

நேரத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதே. பதினைந்து, இருபது நிமிஷம், வாரத்தில் பெரும்பாலான நாட்களில். நீங்கள் இருவரும் அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்தால் போதும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க அவளுக்குப் பிடித்தால், போனில் பதிவு செய்து முதல் தடவையையும் மூன்றாவது தடவையையும் அவளையே கேட்கச் சொல். எங்கே மூச்சு விட்டோம், எங்கே விடாமல் ஓடினோம் என்று அவள் காதுக்கே தெரியும்.

ஒன்றைத் தள்ளிப்போடாதே. கண்ணை ஒரு முறை பரிசோதித்துவிடு, காதையும்தான். இத்தனை செய்தும் சில மாதங்களில் அசைவே தெரியவில்லை என்றால், அல்லது எழுத்துப்பிழை மலைபோலக் குவிகிறது, வரியை விட்டு வரி தாவுகிறாள், பழகிய சொல்லே புதிதாகத் தெரிகிறது என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று முறையாகப் பார்க்கச் சொல். அது அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. தெரிந்துகொண்டால் அதற்கென்று கற்பிக்கும் முறைகள் இருக்கின்றன. இவளிடம் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை, ஆனால் நான் பார்ப்பது திரையில்.

ஆசிரியையைப் பார்க்கும்போது, "புரியவில்லை" என்று பொதுவாகச் சொன்னதை விட்டு, எந்த மாதிரிக் கேள்வியில் தடுமாறுகிறாள் என்று கேள். நேரடியாக வரியில் இருக்கும் பதிலா, ஊகித்துச் சொல்ல வேண்டிய பதிலா, இல்லை சொற்பொருளா? முடிந்தால் அவள் விடை எழுதிய தாள் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது திமிங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால் அதே புத்தகம் எனக்கும் ஒரு பிரதி வேண்டும், பெயரை இன்றைக்கே எழுது.

அன்புடன்,
அம்மா