இத்தனை காலம் இருந்ததே சான்று

பூம்பாறை,
கொடைக்கானல் மேல்மலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். பூண்டு அறுவடை முடிந்துவிட்டது, விலையும் இம்முறை பரவாயில்லை. மற்ற வீட்டுச் செய்திகளை இரு வீட்டாரும் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்பதால், நீ எழுப்பியிருந்த கேள்விக்கு நேராகவே வந்துவிடுகிறேன்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்குப் பிறகு நம் பூமியே தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதபோது, எங்கோ 40 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்கள் நிலையாக இருக்கின்றன என்று எந்தத் துணிவில் எழுதுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். வாழ்நாள் முழுவதும் பாலங்களுக்குப் பாரம் தாங்கும் கணக்குப் போட்டவன் நீ. முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றை நிலையானது என்று சொல்வது உனக்கு உறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் வானியலில் இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல விரும்புகிறேன். ஒரு கோள் குடும்பம் எதிர்காலத்தில் தாங்குமா என்று கேட்பதைவிட, இதுவரை தாங்கியிருக்கிறது என்பதை வைத்து அதைப் பற்றி என்னென்ன அறியலாம் என்று கேட்பதுதான் அதிகப் பயன் தருகிறது.

முதலில் நம் வீட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நம் பஞ்சாங்கத்தின் அறுபது ஆண்டுச் சுற்றை எடுத்துக்கொள். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகளும், சனி சுற்றிவர 29.46 ஆண்டுகளும் ஆகின்றன; ஆகவே வியாழன் ஐந்து சுற்று முடிக்கும் 59.3 ஆண்டுகளுக்குள் சனி இரண்டு சுற்றை முடித்து, ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முந்தியும் விடுகிறது. இந்தச் சிறு வித்தியாசத்தால், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் இடங்கள் வானத்தில் மிக மெதுவாகவே நகர்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் இழுப்பு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. வியாழன் விரைவதையும் சனி பின்தங்குவதையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கவனித்த ஹாலி காலத்து வானியலாளர்களுக்கு, வியாழன் சூரியனை நோக்கியும் சனி வெளியே நோக்கியும் போய்க்கொண்டிருக்கின்றனவோ என்ற ஐயம் இருந்தது. 1785-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார்: இந்த விலகல் சுமார் 900 ஆண்டுகளில் திரும்பி வரும் ஓர் ஊசலாட்டம்தான் என்று காட்டினார். அதோடு சூரியக் குடும்பம் என்றென்றும் நிலையானது என்ற நம்பிக்கையும் வேரூன்றியது.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாங்கரே. மூன்று பொருள்கள் சேர்ந்தாலே எத்தகைய சிக்கலான இயக்கங்கள் வரக்கூடும் என்பதை அவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டார். 1989-இல் பிரெஞ்சு வானியலாளர் ழாக் லாஸ்கர் அதைச் சூரியக் குடும்பத்துக்கே எண்களோடு காட்டினார். இன்று பூமியின் இருப்பிடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டராகிறது. பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கிலோமீட்டராகிறது, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு அளவுக்கு வந்துவிடுகிறது. நீ குறிப்பிட்டிருந்த பத்துக் கோடி ஆண்டு எல்லை இதுதான்.

ஆனால் 2009-இல் லாஸ்கரும் காஸ்தினோவும் செய்த அடுத்த வேலை உன் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. புதனின் தொடக்க இடத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிகளில் மாற்றி மாற்றி 2,501 தொடக்கங்களை அமைத்து, ஒவ்வொன்றையும் 500 கோடி ஆண்டுகளுக்குக் கணினியில் ஓட்டினார்கள். அவற்றில் சுமார் 1 விழுக்காட்டில் மட்டுமே புதனின் நீள்வட்டம் வெள்ளியோடு மோதும் அளவுக்கோ சூரியனில் விழும் அளவுக்கோ நீண்டது. ஈர்ப்பு பற்றிய நியூட்டனின் விதிக்கு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் தரும் திருத்தத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அந்த விகிதம் 60 விழுக்காடு அளவுக்கு ஏறிவிடுகிறது. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) மட்டுமே வரும் அந்த நுண்ணிய நகர்வு, புதனின் பாதை சுழலும் வேகத்தை வியாழனின் பாதை சுழலும் வேகத்தோடு ஒத்துப்போகாமல் விலக்கி வைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆகவே, முன்கூட்டிச் சொல்ல முடியாமை வேறு, சிதைவு வேறு. பூமி தன் பாதையில் எந்தப் புள்ளியில் இருக்கும் என்பது நம் கைக்கு அகப்படாது. ஆனால் அந்தப் பாதை ஏறத்தாழ இதே பாதையாக இருக்கும் என்பதை மிகுந்த உறுதியோடு சொல்லலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்தபோது, ரீபவுண்ட் என்ற இலவச மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தாள். சூரியன் அளவுள்ள ஒரு விண்மீனைச் சுற்றி, வியாழன் நிறையுள்ள மூன்று கோள்களை நெருக்கமான வட்டப் பாதைகளில் வைத்து ஓடவிட்டோம். ஒவ்வொரு பாதையும் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை, நான் வகுப்பில் நடத்திய அதே மையத்தொலைத்தகவை, திரையில் கோடாக வரையச் செய்தோம். நெடுங்காலம் மூன்று கோடுகளும் அடியோடு ஒட்டிச் சிறிய அலைகளாகவே ஓடின. பிறகு ஒரு கோடு திடீரென மேலே எழுந்தது. அடுத்த சில நூறு ஆண்டுகளுக்குள் நடுக்கோள் குடும்பத்தை விட்டே வெளியே எறியப்பட்டது. வெளிக்கோளின் தொடக்கத்தை ஒரு மீட்டர் மட்டும் நகர்த்தி மறுபடி ஓட்டியபோது, வெளியே போனது வேறு கோள். சிதைவு தன் வரவை முன்னறிவிப்பதில்லை என்பது ஒன்று. பாதைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சற்றே கூட்டினாலும் அமைதிக்காலம் பன்மடங்கு நீள்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சேம்பர்ஸ் குழுவினர் 1996-இலேயே முறையாக ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். இரண்டே கோள்கள் என்றால், விண்மீனின் இழுப்பைவிட அவற்றின் சொந்த இழுப்பே மேலோங்கும் தொலைவைப்போல 2√3 மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் வட்டப் பாதையில் சுற்றும் அவை ஒருநாளும் நெருங்க மாட்டா என்று கிளாட்மன் 1993-இல் எழுதிய துல்லியமான உறுதிமொழி இருக்கிறது. மூன்றாவது கோள் வந்தவுடன் அப்படிப்பட்ட உறுதிமொழி எதுவும் நமக்கு இல்லை.

இனி பிற விண்மீன்களுக்கு வருவோம். கெப்ளர்-36 என்ற விண்மீனைச் சுற்றும் இரு கோள்களை 2012-இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு 13.8 நாளும் மற்றொன்றுக்கு 16.2 நாளும் ஒரு சுற்றுக்கு ஆகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவை, நமக்கும் நிலாவுக்கும் உள்ள தொலைவின் ஐந்து மடங்கு அளவுக்கு நெருங்கி விலகுகின்றன. அவற்றின் இயக்கம் நம் பூமியினுடையதைவிட மிக விரைவாகக் கணிப்பை மீறிவிடுகிறது; சிறு பிழை பெருகும் காலம் நமக்கு ஐம்பது லட்சம் ஆண்டு என்றால், அவற்றுக்குச் சுமார் பத்தே ஆண்டுதான். ஆனால் அந்த விண்மீனின் வயது 700 கோடி ஆண்டு அளவில் இருக்கிறது. உன் ஐயத்துக்கு இதைவிட நேரான விடை என்னிடம் இல்லை. பத்து ஆண்டுகளில் கணிப்பு குலைந்துபோகும் ஒரு குடும்பம் எழுநூறு கோடி ஆண்டுகளாகக் குலையாமல் இருக்கிறது. ஆகவே, நிறைகளையும் பாதைகளையும் பற்றிய நம் அளவீடுகளில், உடனே சிதறிவிடும் சேர்க்கைகள் எல்லாம் உண்மையாக இருக்க முடியாது என்று தள்ளிவிடலாம்.

நீ கேட்ட ஏழு கோள்களின் குடும்பம், டிராப்பிஸ்ட்-1, இதே வழியில் நமக்குப் பாடம் சொன்னது. வியாழனைவிடச் சற்றே பெரிய அளவுள்ள ஒரு செங்குறுமீனை, அதாவது மங்கலான சிறு சிவப்பு விண்மீனை, ஏழு கோள்களும் புதனின் பாதைக்குள் மிக நெருக்கமாகச் சுற்றுகின்றன. உள்ளே இருப்பதற்கு ஒன்றரை நாள், வெளியே இருப்பதற்குச் சுமார் 19 நாள். 2017-இல் அளந்த எண்களை அப்படியே கணினியில் போட்டபோது, பெரும்பாலான ஓட்டங்களில் பத்து லட்சம் ஆண்டுக்குள்ளேயே குடும்பம் சிதறியது. விண்மீனின் வயதோ சுமார் 760 கோடி ஆண்டு, 220 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம். அப்படியானால் தவறு குடும்பத்தில் இல்லை, நாம் தொடங்கி வைத்த விதத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டில் டமாயோ குழுவினர், கோள்கள் பிறந்த வாயுத் தட்டுக்குள் மெதுவாக நகர்ந்து வந்து ஒத்திசைவில், அதாவது சுற்றுக் காலங்கள் எளிய முழு எண் விகிதங்களில் அமையும் நிலையில், பொருந்தியதாக வைத்துத் தொடங்கினார்கள். அப்போது பெரும்பாலான ஓட்டங்கள் ஐந்து கோடி ஆண்டுகளைத் தாண்டி நின்றன.

அந்த ஒத்திசைவை நீயே சரிபார்க்கலாம். முதல் கோள் 24 சுற்று முடிக்கும் காலத்தில் மற்றவை ஏறத்தாழ 15, 9, 6, 4, 3, 2 சுற்றுகளை முடிக்கின்றன. வத்தலகுண்டிலிருந்து ஏறும் பேருந்தும் இங்கிருந்து இறங்கும் லாரியும் தினமும் ஒரே நேரக் கணக்கில் புறப்பட்டு, குறுகலான கொண்டை ஊசி வளைவில் சந்திக்காமல், அகலமான இடத்திலேயே சந்தித்து ஒதுங்கிப் போவதுபோல, இந்தக் கோள்களும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இடங்கள் ஆபத்தில்லாத இடங்களாகவே அமைந்துவிடுகின்றன. நெப்டியூனின் பாதைக்கு உள்ளே வந்து போகும் புளூட்டோ அதனோடு ஒருபோதும் மோதாமல் இருப்பதும் இதனால்தான்: நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கையில் புளூட்டோ இரண்டு முடிக்கிறது. ஆனால் எல்லா ஒத்திசைவும் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதே. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையில் வியாழனோடு ஒத்திசையும் சில பாதைகள் துடைத்தெடுத்தாற்போல வெறுமையாகக் கிடக்கின்றன. எந்த இடத்தில் சந்திப்பு நிகழ்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் நீ ஒரு தடையை எழுப்புவாய் என்று எனக்குத் தெரியும். நிலையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நிறையைக் கண்டுபிடித்து, பிறகு அந்த நிறையைக் காட்டியே நிலையானது என்று சொல்வது சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதாகாதா? நியாயமான தடைதான். நிறையை வேறு வழியில் அளந்து ஒப்பிட்டால்தான் அது தீரும். எச்.ஆர். 8799 என்ற இளம் விண்மீனைச் சுற்றும் நான்கு பெருங்கோள்களை எடுத்துக்கொள். மூன்றை 2008-இலும் நான்காவதை 2010-இலும் நேரடிப் படங்களில் கண்டார்கள். வெளிக்கோள் ஒருமுறை சுற்ற நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாம் பார்த்திருப்பதோ அந்தப் பாதையின் ஒரு சிறு துண்டுதான். கோள்கள் மிகக் கனமாக இருந்தால் சில கோடி ஆண்டு வயதுக்குள்ளேயே குடும்பம் சிதறியிருக்கும். ஆகவே அவை ஏறத்தாழ இரட்டித்துச் செல்லும் காலங்களில் ஒத்திசைந்திருக்க வேண்டும், நிறையும் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. பிறகு 2021-இல், ஹிப்பார்கோஸ், கையா ஆகிய விண்கலங்கள் அந்த விண்மீனின் இடத்தை அளந்ததிலிருந்து, அது எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்து, உட்கோளின் நிறை வியாழனைப் போல 9.6 மடங்கு அளவில் இருப்பதாகக் கண்டார்கள். நிலைத்தன்மைக் கணக்கு அனுமதித்த எல்லைக்கு இது முரணாகவில்லை. டிராப்பிஸ்ட்-1-இலும் கோள்கள் விண்மீனைக் கடக்கும் நேரம் முந்தியும் பிந்தியும் வருவதிலிருந்து நிறைகள் தனியாகக் கிடைத்திருக்கின்றன. இரு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேரும்போது எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இரட்டை விண்மீன்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நமக்கு மிக அருகில் உள்ள ஆல்பா சென்டாரியின் இரு பெரிய விண்மீன்களும் 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. அருகில் வரும்போது அவற்றுக்கு இடையே 11 வானியல் அலகு மட்டுமே இருக்கும் (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு). அங்கே ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் சுமார் 3 வானியல் அலகுக்குள் இருக்கும் கோள்கள் பிழைக்கலாம். அதற்கு அப்பால் இடமில்லை.

பிழைக்காதவற்றின் தடயங்களும் நமக்குக் கிடைக்கின்றன. எச்.டி. 80606 என்ற விண்மீனின் கோள் 111 நாளில் சுற்றுகிறது. அதன் மையத்தொலைத்தகவு 0.93. வால்மீன் போல ஒருபுறம் நீண்டுபோய் மறுபுறம் விண்மீனின் அருகே பாய்ந்து வரும் அந்தப் பாதை வட்டமாகவே பிறந்திருக்கலாம். துணை விண்மீனின் நெடுங்கால இழுப்பு அதை இப்படி நீட்டியது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். விண்மீன் இன்றித் தனியே அலையும் கோள்களில் பலவும் இப்படிப்பட்ட பழைய சண்டைகளில் வெளியே தள்ளப்பட்டவையாகவே இருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

இந்த முறை முழுவதற்கும் வலுவற்ற கால் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அது விண்மீனின் வயது. சூரியனின் வயது விண்கற்களின் உதவியால் 456 கோடி ஆண்டு என்று துல்லியமாகத் தெரியும். பிற விண்மீன்களுக்கு அந்த வசதி இல்லை. வயது ஏற ஏற விண்மீனின் தற்சுழற்சி தளர்கிறது என்று ஸ்குமானிச் 1972-இல் காட்டினார். விண்மீனின் கரும்புள்ளிகள் நகர்வதை வைத்து அந்தச் சுழற்சியை அளக்கலாம். இங்கே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் கரும்புள்ளிப் படங்கள், நமக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரே விண்மீனின் சுழற்சியைப் பற்றிய பெரும் கருவூலம் என்பதால், இந்த மலையில் வாழ்பவன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப்பெருமை உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ விண்கலம் 26 கேமராக்களோடு, விண்மீன்களின் நுண்ணிய அதிர்வுகளை அளந்து, சூரியனைப் போன்ற பிரகாசமான விண்மீன்களின் வயதைப் பத்து விழுக்காட்டுப் பிழைக்குள் கண்டறியத் திட்டமிட்டிருக்கிறது. அது நிறைவேறினால், ஒவ்வொரு குடும்பமும் எத்தனை கோடி ஆண்டுச் சோதனையைத் தாங்கியது என்பது தெரிந்துவிடும். நிறைகளின் மீது நாம் வைக்கும் எல்லைகளும் அந்த அளவுக்கு இறுகும்.

உன் பேத்தியிடம் 24, 15, 9, 6, 4, 3, 2 என்ற எண்களைக் கொடுத்து, 1.51, 2.42, 4.05, 6.10, 9.21, 12.35, 18.77 நாள்களோடு முறையே பெருக்கிப் பார்க்கச் சொல். விடைகள் 36-க்கும் 38-க்கும் இடையே வரும், ஆனால் ஒன்றாக இராது. உள்ளிருந்து வெளியே போகப் போகச் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். ஏன் என்று அவள் கேட்டால், எனக்கு எழுதச் சொல்.

உன் அன்பு நண்பன்