நெட்டை ஊதிய கதை

அன்பு நண்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் வைத்துக்கொள். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. பணம் இல்லை, பயப்படாதே.

முதலில் நெட்டை விஷயம். அவனுக்கு சி.ஓ.பி.டி. இருக்கிறது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். உன்னைப் பற்றித்தான், "அவனிடம் நீயே சொல்லிவிடு, அவன் லெக்சரை என்னால் கேட்க முடியாது" என்றான். சொல்லிவிட்டேன். இன்ஹேலர் ஆரம்பித்தாயிற்று. சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். அவன் சொல்வதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

மக்களிடையே இந்த நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை ஒன்றில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் கேள்வித்தாள், அதில் மதிப்பெண் ஏறினால் ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷினில் ஊதவைத்து மூச்சை அளப்பது. நெட்டை சும்மா வம்பளக்க வந்தவன். கேள்வித்தாளை அவனிடமே ஓட்டிப் பார்த்தோம். மூச்சு வாங்குகிறதா? இல்லை. இருமல்? "சிகரெட் பிடிக்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான்?" ஆக, அதுவும் இல்லை. தாளின்படி ஆள் சுத்தம். புது மெஷினைப் பழகிப் பார்க்க ஒருவன் ஊத வேண்டியிருந்ததால்தான் அவனை ஊதவிட்டோம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்து மறுபடி ஊதவிட்டபோதும், முழுமூச்சில் முதல் நொடியில் வெளிவந்த பங்கு 0.58. 0.70-க்குக் கீழே போனாலே அடைப்பு என்று கணக்கு.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். ஷட்டில் கோர்ட்டில் உன்னை ஓடவைத்தே கொன்றவன் இப்போது ஓரமாய் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறான். மாடி என்றால் லிஃப்ட். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பழைய கேள்வித்தாள் 1960-இல் வந்தது. சமதரையில் வேகமாய் நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ மூச்சு வாங்குகிறதா என்று கேட்கும். வேகமாய் நடப்பதையே விட்டவனுக்கு எங்கிருந்து வாங்கும்? 2008-இல் வந்த ஐந்து கேள்விக்காரர்கள் கொஞ்சம் விவரம்: மூச்சுப் பிரச்சினையால் முன்பைவிடக் குறைவாகச் செய்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆனால் குறைந்ததற்குக் காரணம் மூச்சு என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! நெட்டையைக் கேட்டால் வயசு என்பான், தொப்பை என்பான்.

அந்த ஐந்து கேள்வித் தாளில் மொத்தம் 10 மதிப்பெண். 5 எடுத்தால் சந்தேகம். அதில் 2 மதிப்பெண் வாழ்நாளில் 100 சிகரெட் பிடித்தவருக்கு. காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் நின்றும் ஒரு சிகரெட்கூடத் தொடாத பெண்ணுக்கு அந்த 2 கிடையாது. நோய் மட்டும் உண்டு. நேபாளம், பெரு, உகாண்டா மூன்றிலும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் கேள்வித்தாள்களைச் சோதித்த ஆய்வு 2022-இல் வந்தது. சுமாராக வேலை செய்கின்றன என்றுதான் சொல்ல முடிகிறது.

இனி உன் துறை, புள்ளிவிவரக் கணக்கு. கேப்சர் என்று இன்னொரு கேள்வித்தாள்: ஐந்து கேள்வி, மதிப்பெண் நடுவில் நின்றால் மட்டும், மூச்சு எவ்வளவு வேகமாய் வெளியேறுகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஒரு ஊதல். அமெரிக்காவில் 4,325 பேரிடம் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். நோயுள்ளவர்களில் 48 சதவீதத்தினரைத்தான் பிடித்தது. இல்லாதவர்களில் 89 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. 1000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள். 48 பேர் சிக்குவார்கள், 52 பேர் "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாய் வீட்டுக்குப் போவார்கள், நோயே இல்லாத 99 பேர் வீணாய்ப் பயப்படுவார்கள். அந்த 52 பேரை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில் சான்றிதழ் மாதிரி ஒரு தாள் இருந்தால், அப்புறம் இருமல் வந்தாலும் எவன் டாக்டரிடம் போவான்?

இதற்கு நடுவில் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், ஸ்பைரோமெட்ரிக்குச் செலவாகிறது, கேள்வித்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை எழுதலாமாம். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அறிகுறியே இல்லாதவர்களிடம் இந்த நோயைத் தேடிச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-இலும் சொன்னது, 2022-இலும் சொன்னது. எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் அறிகுறி இருந்தும் யாரிடமும் சொல்லாதவர்களின் கதை வேறு. கனடாவில் வீடுகளுக்குப் போன் போட்டு, கேள்வித்தாளில் தொடங்கி ஸ்பைரோமெட்ரி வரை கொண்டுபோய், அதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஆஸ்துமாவையும் சி.ஓ.பி.டி.யையும் தேடினார்கள். நுரையீரல் நிபுணரின் சிகிச்சை கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட, மூச்சுத் தொல்லைக்காக மருத்துவரை நாடியது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2024-இல் வந்த முடிவு. கேள்விக்குப் பின்னால் ஊதும் மெஷினும், அதற்குப் பின்னால் ஒரு டாக்டரும் இருந்தால் பலன் இருக்கிறது.

எங்கள் கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "சில வருஷம் முன்பு செய்து, இப்போது விட்டுவிட்ட வேலை எது?" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்று பார். தாளில் மதிப்பெண் ஏறாதவர்களிலும் ஒரு பகுதியினரைச் சீட்டுக்குலுக்கி ஊதவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை நெட்டைகளை விட்டோம் என்றே தெரியாது. அப்படி எத்தனை பேரை ஊதவைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. அந்தப் பெரிய மனிதருக்கு உன் எண்கள்தான் புரியும். என் கத்தல் புரியவில்லை.

நெட்டைக்கும் ஒரு போன் போடு. லெக்சர் வேண்டாம்.

உன்,
முன்கோபி

பி.கு.: சீக்கிரம் அனுப்பு, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வேண்டும்.