மாளவிகையை மேடையேற்றித் தந்த உங்களுக்கு நன்றி

வேலூர், குடியாத்தம், செய்யாறு பக்கத்து நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் என்ற சமஸ்கிருத நாடகத்தைத் தமிழில் போடப்போகிறோம் என்றதும், "ஏன், சாகுந்தலம் இருக்கே?" என்றுதான் பலரும் கேட்டீர்கள். 1789-ல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்ததிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது சகுந்தலையைத்தான். மாளவிகையோ விதர்ப்ப இளவரசி என்பதைச் சொல்லாமல் அரண்மனைப் பணிப்பெண்ணாக இருப்பவள், அரசன் அக்கினிமித்திரன் விரும்புகிறவள். அவள் கதையிலும் மோதிரம் உண்டு. ஆனால் அது காவல்காரியை ஏமாற்றி அவளைச் சிறையிலிருந்து மீட்பதற்கு! இந்தக் குறும்புக்காகத்தான் 5 அங்கங்களையும் விடாமல் போட ஆசைப்பட்டோம்.

செய்யாறு பக்கத்திலிருந்து வந்த கூத்து வாத்தியாருக்குத்தான் முதல் நன்றி. விதூஷகன், அதாவது அரசனின் கோமாளித் தோழன், கௌதமன் இல்லாமல் இந்தக் கதை ஓரடி நகராது. ஒத்திகையிலோ அவன் வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூத்துல வர்ற கோமாளி கட்டியங்காரன் மாதிரி ஜனங்களோட பேச விடுங்க சார்" என்றார். அவ்வளவுதான். தாழை முள்ளால் கையைக் கீறிக்கொண்டு பாம்பு கடித்ததாக நடிக்கும் இடத்தில் கௌதமன் முன்வரிசைக்கே ஓடிவந்து, "யாராவது என்னை சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்!" என்று அலறியபோது மண்டபம் அதிர்ந்தது. அரசன் அக்கினிமித்திரனைக் கூத்துப் பாணியில் திரை பிடித்து அழைத்துவந்ததும், முகவீணை என்ற ஊதுகருவி வாசிக்க ஆள் தேடித் தந்ததும் வாத்தியார்தான்.

அப்புறம், அந்த அசோக மரம். தெருவோரம் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கம் இல்லை, சிவந்த கொத்துக்கொத்தாகப் பூக்கும் அசல் அசோகம். பூக்காத மரத்தை அழகிய பெண் காலால் தீண்டினால் பூக்கும் என்பது கதை. அரசி தாரிணி ஊஞ்சலிலிருந்து விழுந்து கால் நோகக் கிடப்பதால் அந்த வேலை மாளவிகைக்கு வருகிறது. 3-ஆம் அங்கத்தில் வெறும் இலையும் 5-ஆம் அங்கத்தில் பூவும் வேண்டும், மரத்தை மாற்ற நேரமில்லை. குடியாத்தத்துத் தச்சர் இலைக்குள் துணிப் பூக்களை மடித்துவைத்து, ஒரே கயிற்றை இழுத்தால் எல்லாம் விரிகிற மாதிரி செய்து கொடுத்தார். கூலி கேட்டால், "மரம் பூக்குறதை என் பேத்தி பார்க்கணும்" என்றார். பேத்தி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள்.

பேசிவைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை என்று சொல்லி, வாடகை வாங்காமல் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவருக்கு என்ன கைம்மாறு செய்வோம்! லாங்கு பஜார் தையற்காரர், ஒலி ஒளி பார்த்த தம்பிகள், இரவு ஒத்திகைக்குப் பிள்ளைகளை நம்பி அனுப்பிய அம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி.

தாரிணியாகவும் இராவதியாகவும் நடித்த இரண்டு பேரைத் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு மனைவியர் இருக்க மூன்றாவதாக ஒருத்தியை விரும்பும் அரசன் கதையை இன்றைக்கு வெறும் சிரிப்பாக விட்டுவிட முடியாது. இராவதி போதையில் தடுமாறி வரும் காட்சியைக் கேலியாக்க மாட்டேன் என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். மாளவிகையின் கையை அரசனிடம் ஒப்படைக்கும் முன் தாரிணி எதுவும் பேசாமல் நின்ற அந்தச் சில நொடிகளும் நடித்தவர் எடுத்த முடிவுதான். என்னைக் கேட்டால் நாடகத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

அடுத்து ஆரணியில் போடக் கேட்டிருக்கிறார்கள். மரத்தை வண்டியில் ஏற்றத் திரும்பவும் உங்களைத்தான் கூப்பிடுவோம், வந்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
நாடகக் குழுவினர் சார்பாக இயக்குநர்,
வேலூர்