முற்றும் எச்சமும்

சங்கரன்கோவில்,
வியாழன் இரவு.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. கடிதம் பார்சலுக்குள்ளேயே இருக்கும். பார்சல் விவரத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதே நாலு நாளாக மனசில் ஓடுகிறது. "இருபத்தாறு வயசுல உக்காந்து இங்கிலீஷ் கிராமர்ல கிளாஸ்னா என்னன்னு படிச்சுக்கிட்டிருக்கேன்ப்பா, மண்டையில ஏறல, விட்டுரலாம்னு இருக்கு" என்றாய். வகுப்பு என்கிற கிளாஸ் இல்லை, வாக்கியத்தின் உறுப்பாக நிற்கிற கிளாஸ் (clause). பி.ஃபார்ம் முடித்து, தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாமல் ஹைதராபாத் போய், மருந்துக் கம்பெனியில் தர உறுதிப் பிரிவில் நாலு வருஷமாக நிற்கிற பிள்ளை நீ. வழக்கமான முறைக்கு மாறாக நடந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த டீவியேஷன் ரிப்போர்ட் சிவப்பு மையோடு திரும்பி வந்ததற்காகத் தனியாகப் போய் அழுதேன் என்று நீ சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. "விட்டுராதம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது ஒரு பதிலா?

நீ பார்க்கிற வீடியோ பாடங்களைத் தேடி எடுத்து நானும் பார்த்தேன். அம்மா தூங்கின பிறகு, காதில் இயர்போன், மடியில் லாங் சைஸ் நோட்டு. வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொண்டேன். முதல் நாள் எனக்கும் உன் கதிதான். அந்த ஆசிரியர் நன்றாகத்தான் நடத்துகிறார். கேட்கக் கேட்கத் தலையாட்டுகிறோம். முடிந்ததும் நோட்டில் ஒரு வரி எழுதப் போனால் கை நிற்கிறது.

இரண்டாம் நாள், "கிளாஸ் என்றால் அதற்குள் ஒரு சப்ஜெக்டும் ஒரு ஃபைனைட் வெர்பும் இருந்தாக வேண்டும்" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். மூன்று தடவை திரும்பக் கேட்டேன். ஃபைனைட் வெர்ப் என்றால் முற்று, கயல். காலம் காட்டி, எழுவாயோடு பொருந்தி, முடிந்து நிற்கிற வினைமுற்று. முப்பத்தொரு வருஷம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட சொல்.

இதைக் கவனி: "நேற்று வந்த ஆள் கதவைத் திறந்ததும் மணி அடித்ததால் எல்லோரும் வெளியே ஓடினார்கள்." வந்த, திறந்ததும், அடித்ததால் எல்லாம் முடியாமல் நிற்கிறவை. ஓடினார்கள் ஒன்றுதான் முற்று. ஆங்கிலத்தில் போட்டால் கேம், ஓப்பன்ட், ராங், ரான் என்று நாலும் முற்று. நாலுக்கும் தனித்தனி எழுவாய் வேண்டும். அந்த நாலையும் ஹூ, வென், பிகாஸ் என்ற கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டுகிறார்கள். நாம் வினையின் வாலைத் திருத்திக் கோக்கிறோம், அவர்கள் முன்னால் ஒரு சொல்லை வைத்துக் கோக்கிறார்கள். நீ தடுமாறுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நீ போனில் வாசித்துக் காட்டினாயே, குளிர் அறை வாக்கியம்: "ஓப்பனிங் தி டோர், தி டெம்பரேச்சர் ரோஸ்." பக்கத்தில் உன் மேலதிகாரி "யார் திறந்தது?" என்று எழுதியிருந்ததாகச் சொன்னாய். உன் மனசில் ஓடியது "கதவைத் திறந்ததும் வெப்பநிலை ஏறியது" என்பது. தமிழில் அதில் ஒரு குற்றமும் கிடையாது. ஆங்கிலத்தில் அந்த 'ஓப்பனிங்' தனக்கென்று ஆள் இல்லாமல் நிற்கிறது. அடுத்து வருகிற எழுவாயைத்தான் பிடித்துக்கொள்ளும். வெப்பநிலையே எழுந்து போய்க் கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடுகிறது. "வென் தி ஆப்பரேட்டர் ஓப்பன்ட் தி டோர், தி டெம்பரேச்சர் ரோஸ்" என்று எழுவாயையும் முற்றையும் கொடுத்தால் தீர்ந்தது. உனக்கு ஆங்கிலம் வராததால் வந்த பிழை இல்லை அம்மா இது. உனக்குத் தமிழ் நன்றாக வருவதால் வந்தது.

ரிலேட்டிவ் கிளாஸ் பாடத்தில்தான் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அது நம் பெயரெச்சம். நன்னூலில் பெயரெச்சம் ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்று இருக்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். எட்டாம் வகுப்பில் என்னிடமே ஒப்பித்திருக்கிறாய். உன் வேலையிலேயே வைத்துப் பார். சோதித்த ஆள், சோதித்த கருவி, சோதித்த அறை, சோதித்த நாள், சோதித்த மாதிரி (சாம்பிள்). 'சோதித்த' மாறவே இல்லை. செய்தவனா, இடமா, பொருளா என்பதைக் கேட்கிறவர் தானாகப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அப்படி விடாது, ஒவ்வொன்றுக்கும் கொக்கியை மாற்றச் சொல்லும். தி அனலிஸ்ட் ஹூ, தி இன்ஸ்ட்ருமென்ட் வித் விச், தி லேப் வேர், தி டே வென், தி சாம்பிள் தட். வரிசையும் தலைகீழ்: நமக்கு எச்சம் முன்னால், பெயர் பின்னால். அவர்களுக்குப் பெயர் முதலில், விளக்கம் பிறகு. அந்த ஆசிரியர் ஒரு மணி நேரம் அட்டவணை போட்டதை, பவணந்தியார் வகுத்த ஆறை வைத்து நான் அரைப் பக்கத்தில் எழுதிவிட்டேன். 'சோதித்த சோதனை' என்கிற செயல் வகையை மட்டும் இப்போதைக்கு விடு, அது உன் ரிப்போர்ட்டில் வரப்போவதில்லை.

காற்புள்ளிப் பாடத்தை மட்டும் நீ இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். நீ கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்கிறவள். அந்த வீடியோவில் அது தானியங்கி எழுத்து, ஒரு காற்புள்ளி கூட விழவில்லை. காற்புள்ளியைப் பற்றிய பாடத்தில் காற்புள்ளியே இல்லாமல் படித்தால் எப்படிப் புரியும்? அவர் பலகையில் எழுதுவதைப் பார். இருநூறு குப்பியில் மூன்று விரிசல் விட்டது என்று வை. "தி வயல்ஸ் விச் வெர் க்ராக்ட் வெர் டிஸ்கார்டட்" என்றால் விரிசல் விட்ட மூன்றை மட்டும் கழித்தீர்கள். 'வயல்ஸ்' பின்னால் ஒன்று, 'க்ராக்ட்' பின்னால் ஒன்று என்று இரண்டு காற்புள்ளி போட்டுவிட்டால், இருநூறுமே விரிசல், இருநூறையும் கழித்தாயிற்று என்று அர்த்தம். மருந்துக் கம்பெனியில் இந்த இரண்டு புள்ளிக்கு என்ன விலை என்று எனக்கு நீதான் சொல்ல வேண்டும். தமிழில் நாம் இந்த வேலையைக் காற்புள்ளியிடம் கொடுப்பதில்லை. 'மதுரையில் இருக்கிற அத்தை' என்றால், அத்தை ஒருத்தியா மூன்று பேரா என்பது குடும்பத்துக்கே தெரியும்.

ஒரு வீடியோவில் அந்த இடத்தில் 'தட்' தான் சரி என்கிறார்கள், இன்னொன்றில் 'விச்'சும் சரி என்கிறார்கள் என்று எரிச்சல்பட்டாய். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். காற்புள்ளி இல்லாத இடத்தில் 'தட்' போடுவது அமெரிக்கப் பழக்கம், பிரிட்டிஷ்காரர்கள் இரண்டையும் எழுதுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் வந்தால் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால் 'தட்' என்றே எழுதிப் பழகு.

ஒரு வருத்தமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நானும் உங்கள் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு அவர் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் நடத்தினார். 'இன்ஸ்பைட் ஆஃப், பட், ஆல்தோ' என்று நீ அட்டவணையாக உருப்போட்டாய். அதே வாரம் நான் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் நடத்தியிருப்பேன். ஒன்றைத்தான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நீயும் வீட்டில் என் எதிரிலேயே உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தாய். நோட்டை வாங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அன்று பார்த்திருந்தால் இன்று உனக்கு இந்த அழுகை மிச்சமாகியிருக்கும்.

இனி இப்படிச் செய், அம்மா. ஒரு நாளைக்கு ஒரே வீடியோ. ஆசிரியர் கேள்வி கேட்டதும் நிறுத்து, அவர் பதில் சொல்வதற்குள் நீ எழுதிவிடு. புத்தகத்து வாக்கியம் வேண்டாம், அன்று ஆலையில் நடந்ததை எழுது. முதலில் தமிழில் எழுதி எச்சங்களுக்குக் கீழே கோடு போடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரு எழுவாய், ஒரு முற்று, ஒரு கொக்கி. படம் எடுத்து அனுப்பு, நானும் சேர்ந்தே பார்க்கிறேன். 'இஃப்' பாடத்தை நான் இன்னும் தொடவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பிப்போம்.

பார்சலில் நாலு எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறோம். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சீடை, அதிரசம். ஒன்றின் மூடி நசுங்கியிருக்கிறது, நான்தான் கீழே போட்டுவிட்டேன். மூடி நசுங்கிய டப்பாவை முதலில் திற, அதில்தான் அதிரசம் இருக்கிறது. நாளாக நாளாக இறுகிவிடும் என்று அம்மா சொல்கிறாள். இந்த வரியையே ஆங்கிலத்தில் எழுதிப் பார். டப்பா நாலு, நசுங்கியது ஒன்று. காற்புள்ளி வருமா வராதா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா