மை காய்ந்ததும் அனுப்புகிறேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்ட ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. நான் பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் போன சனிக்கிழமை ராத்திரிதான். அதை அவசரமாக எழுத மனம் வரவில்லை.

நான் இருக்கும் இந்த ஊர் பெருநகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. வந்து இரண்டு வருடமாகியும், நல்ல ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி வேறெங்காவது போக வேண்டும் என்றே நினைத்திருந்தேன். கூட வேலை செய்யும் ஒரு பெண்தான், "ஒரு சாயங்காலம் என்கூட வாங்க, மூணு இடம் காட்டுறேன்" என்று கூட்டிப்போனார்.

முதலில் ஒரு சின்னக் கூடத்தில் கண்காட்சித் திறப்பு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில், கண்மட்டத்தில் வருகிற மாதிரி ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் தலைகள்தான் தெரிந்தன. திறப்பு நாளில் படம் பார்க்க முடியாது, படைத்தவரைப் பார்க்கலாம். அதுவும் பெரிய விஷயம்தான். ஒரு மூலையில் ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை வெள்ளையாக இலைகள். சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய காகிதத்தின்மேல் இலையை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால் வெளிச்சம் பட்ட இடம் நீலமாகிவிடும், இலை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். இதையெல்லாம் அவற்றைச் செய்த அம்மாவே எனக்குச் சொன்னார். அவர் நகக்கண்ணில் அந்த நீலம் இன்னும் இருந்தது.

அங்கிருந்து நடந்து போகிற வழியில், மூன்று மாடி உயரச் சுவரில் ஒருவர் ஏணி போட்டு வரைந்துகொண்டிருந்தார். ராத்திரியில் ஏன் என்று கேட்டேன். ஓவியத்தைச் சுவரில் விழவைக்கும் ப்ரொஜெக்டரின் வெளிச்சம் பகலில் தெரியாதாம்; அதனால் கோடு போடுவது இருட்டில், வண்ணம் தீட்டுவது பகலில். ப்ரொஜெக்டரைத் தள்ளி வைக்க இடமில்லாத சந்து என்றால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் சுவர் முழுக்க எழுத்தும் வட்டமுமாகக் கிறுக்கி, அதை ஃபோனில் படமெடுத்து, தங்கள் ஓவியத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வருகிறது, எதன்மேல் உதடு வருகிறது என்று பார்த்துப் பார்த்தே அவ்வளவு பெரிய முகத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது மூன்றாவது இடத்தைப் பற்றி.

அது ஒரு அச்சுப் பட்டறை. உள்ளே போனதும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. நடுவில் பெரிய சக்கரம் வைத்த பிரஸ். அன்றைக்கு யார் வந்தாலும் உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்றும் ஊசி ஒன்றும் கொடுத்து உட்காரவைத்தார்கள். இதற்கு ட்ரைபாயிண்ட் என்று பெயர். எச்சிங் என்ற இன்னொரு தகட்டு அச்சு முறையில் கோட்டை அரிப்பது அமிலம். இதில் அமிலமே கிடையாது, ஊசியால் நேராகக் கீற வேண்டியதுதான். கீறும்போது உழவுசாலில் மண் ஒதுங்குவது போல இரண்டு பக்கமும் செம்பு பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துவைப்பதால்தான் அச்சில் கோடு வெல்வெட் மாதிரி விழுகிறது. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பல தகடுகளில் அமிலத்தோடு இந்த ஊசிக்கீறலையும் சேர்த்திருக்கிறார்.

நான் என்ன வரைந்தேன் தெரியுமா? நம் விடுதி அறை. ஜன்னல், ஜன்னலடியில் உன் கட்டில், கட்டில்மேல் நீ குப்புறப் படுத்து ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறாய். தகட்டில் மையை அப்பி, மெல்லிய துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒரு துடைப்பு. காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஒற்றி எடுத்திருந்தார்கள். நார் இளகினால்தான் அது கீறலுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருமாம். மேலே கம்பளி விரித்துச் சக்கரத்தைச் சுற்றினேன். கை நடுங்கியது. காகிதத்தை ஓரத்திலிருந்து உரித்து எடுத்தபோது அறை இடம் வலமாக மாறி வந்திருந்தது. நீ இடது கையால் வரைந்துகொண்டிருந்தாய். அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டறையை நடத்தும் பெரியவர் ஒன்று சொன்னார். பிரஸ்ஸின் அழுத்தத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் அந்தப் பிசிறு நசுங்கிக்கொண்டே போகும். முதல் சில அச்சுகளில் இருக்கும் கருமை அப்புறம் வராது. அதனால் நாலு அச்சோடு நிறுத்திக்கொண்டேன். இடது ஓரத்தில் பென்சிலால் 1/4, 2/4 என்று எண் போட வேண்டும், வலது ஓரத்தில் கையெழுத்து.

நீ வரைவதை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது இல்லையா? காரணமெல்லாம் எனக்குத் தெரியும், அதைக் கேட்கவில்லை. அந்தப் பட்டறை மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறந்திருக்கும். வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருவர், பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஒரு தாத்தா எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கீறிக்கொண்டிருந்தார்கள். அங்கே உனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. ஒரு சனிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு வா.

1/4 உனக்குத்தான். எண்ணெய் மை என்பதால் தண்ணீர் போல ஆவியாகிக் காயாது, காற்றுப் பட்டு மெதுவாகத்தான் இறுகும். இன்னும் ஒரு வாரமாவது ஆகும். இப்போது ஒற்றுத்தாள்களுக்கு நடுவில், உன் பழைய அகராதியின் பாரத்தில் இருக்கிறது. புது வீட்டு முகவரியை எழுதாமல் விட்டுவிட்டாய். உடனே எழுது.

அன்புடன்,
உன் அறைத்தோழன்